ஏழிதழ் முத்திரை

சாத்தங்கரை
14-6-1971

அன்புள்ள ஆனந்தத்துக்கு,

அம்சம் எழுதுகிறேன். நானும் அம்மாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடுகிறோம். உனக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொண்டு உடம்பு தேறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

'நீ' என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஊருக்குள் உன்னைப் பார்த்தால் 'வாங்க சின்னம்மா' என்றுதான் சொல்லியாக வேண்டும். நீ பண்ணையார் மகள். பள்ளிக்கூட பெஞ்சில் மட்டும் ஆறு வருடம் 'நீ, வா, போ' என்று பேசினோம். இந்தக் கடிதத்தையும் அந்த பெஞ்சு என்றே வைத்துக்கொள்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நானும் பாஸ். டீச்சர் ட்ரெய்னிங் போகலாம் என்றிருந்தேன். களவாணி மகளுக்கு யார் நன்னடத்தைச் சான்று கொடுப்பார்கள்? அம்மாவோடு நாற்றங்கால் வேலைக்குப் போகிறேன். மேட்டூர் திறந்துவிட்டார்கள். தண்ணீர் இன்னும் நம் வாய்க்காலுக்கு வந்து சேரவில்லை.

தை இருபதாம் தேதி விடிந்தபோது கீழைக்களத்து நெல்லில் பாதியைக் காணோம், களக்காவல் பார்த்த என் அப்பா வைரக்கண்ணுவைக் காணோம், அவர் கையிலிருந்த முத்திரைப் பலகையையும் காணோம். அவர்தான் திருடிக்கொண்டு ஓடினார் என்று உங்கள் பண்ணையில் கொடுத்த புகாரைப் போலீஸ்காரர் எங்கள் தெரு நடுவில் நின்று சத்தமாகப் படித்தார். அம்மா இடுப்பில் தண்ணீர்க்குடத்தோடு நின்று கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் எங்களைத் திட்டவில்லை, ஏசவில்லை. பேசவே இல்லை. கடைத்தெருவில் நான் நடந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. உச்சி வேளையில் மில் சங்கு ஊதினால் கீழைக்களத்துப் பக்கம் ஒருவரும் போவதில்லை.

அப்பாவுக்குப் போட்டோ கிடையாது. அறுப்பு லீவில் நீ ஓவிய நோட்டில் களத்தை வரைந்துகொண்டிருந்தாயே, அது இருந்தால் ஒரு தாள் அனுப்பு. அவர் நின்ற இடத்தையாவது பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் தோழி,
அம்சம்


சென்னை
2-7-1971

என் அம்சத்துக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். இங்கே எனக்குக் கொஞ்சம் இருமலைத் தவிர ஒரு குறையும் இல்லை. ரசத்தில் மட்டும் புளியைத் தேட வேண்டியிருக்கிறது. உன் அம்மா கண்ணாத்தாளை நான் விசாரித்ததாகச் சொல். சின்னம்மா, பெரியம்மா எல்லாம் வேண்டாம். 'நீ' என்றே எழுது. இங்கே என்னை 'ஏய் தஞ்சாவூர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உன் அப்பாவைப் பற்றி என் அப்பாவிடம் ஒரே ஒரு தரம் கேட்டேன். "போனவனப் பத்தி என்ன பேச்சு? போய்ப் படி" என்றார். படிக்கத்தான் வந்திருக்கிறேன்.

நீ கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. நோட்டிலேயே எனக்குப் பிடித்த தாள் அதுதான். தை இருபத்திரண்டு, சாயங்காலம். ஓரத்தில் தேதி போட்டிருக்கிறேன். டிராயிங் மாஸ்டர் போட்ட பழக்கம். மேலண்டைப் பக்கம் புதிதாகத் தூற்றிக் குவித்த நெல், அதைச் சுற்றி நம் தாமரைக் குறி. என் அறைத் தோழி சென்னைக்காரி. நெல்லின் மேல் எதற்குத் தாமரை என்று கேட்டாள். சாணியும் சாம்பலும் கரைத்துப் பலகையைத் தோய்த்து நெற்குவியலைச் சுற்றி அழுத்தி வைப்போம், யாராவது ஒரு கைப்பிடி எடுத்தாலும் குறி கலைந்துவிடும், அந்தப் பலகை காவல்காரர் கையை விட்டு இறங்காது என்று சொன்னேன். "அப்ப அது உங்க ஊர் பூட்டு" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது.

உன் அப்பா படத்தில் இல்லை. மன்னித்துக்கொள். அடிக்கடி எழுது.

என்றும் அன்புடன்,
ஆனந்தம்


சாத்தங்கரை
20-7-1971

அன்புள்ள ஆனந்தத்துக்கு,

உன் கடிதமும் படமும் மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் கையும் காலுமாக இருக்கிறோம். நடவு தொடங்கிவிட்டதால் முதுகு மட்டும்தான் இல்லை. நீ இருமலை விட்டுவிடாமல் மருந்து சாப்பிடு.

படத்தைக் குடிசை மூங்கிலில் செருகி வைத்திருக்கிறேன். ஓரத்தில் இருப்பது நாற்றுக்கட்டோ என்று உற்றுப் பார்த்தேன், அது வைக்கோல் பிரி. நீ வரைவதில் கெட்டிக்காரிதான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். தாமரைக்கு ஏழு இதழ்தான் போட்டிருக்கிறாய். வலது கைப்பக்கம் கீழே ஓர் இதழ் இல்லை. அவசரத்தில் விட்டுவிட்டாயா? இல்லை, நெல்லில் அப்படித்தான் இருந்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்த இதழை உடைத்தவள் நான். எட்டு வயதில் பலகையைத் தூக்கி விளையாடிக் கருங்கல்லில் போட்டுவிட்டேன். அப்பா அடிப்பார் என்று வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொண்டேன். அவர் சிரித்தார். "விடு புள்ள, இனிமே நம்ம குறிய எவனும் போலியாப் போட முடியாது" என்றார். மாசியில் உங்கள் பண்ணைக்குப் புதுப்பலகை வந்திருக்கிறதாம். அதில் எட்டு இதழும் முழுசாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறக்காமல் பதில் எழுது.

அம்சம்


சென்னை
1-8-1971

அம்சத்துக்கு,

நான் சுகம், இருமல் போயே போய்விட்டது. உன் முதுகு வலிக்கு இங்கிருந்து தைலம் அனுப்பவா?

என் படத்தைக் குறை சொல்ல உனக்கு என்ன தைரியம்! இருப்பதைத்தான் வரைவேன். ஏழு இதழ்தான் இருந்தது. நெல்லுக்குப் பக்கத்தில் குந்தி எண்ணிப் பார்த்துத்தான் போட்டேன், சாணி ஈரம்கூடக் காயவில்லை. போதுமா வாத்தியாரம்மா?

ஊர் விஷயமெல்லாம் என் அம்மா எழுதுகிறாள். காரியஸ்தர் இராஜாங்கத்துக்கு இந்த வயதில் பக்தி வந்துவிட்டதாம். கோயில் வாசலை மிதிக்காத மனுஷர், அமாவாசைக்கு அமாவாசை கீழைக்களத்துக்குப் பின்னால் தூர்ந்த கிணற்றடியில் பூசணிக்காய் உடைத்துச் சூடம் கொளுத்துகிறாராம். என் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. அந்தக் கிணறு எப்போது தூர்ந்தது? போன மார்கழியில் அதில் தண்ணீர் இருந்ததே.

உன்,
ஆனந்தம்


சாத்தங்கரை
10-9-1971

அன்புள்ள ஆனந்தத்துக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கையில் ஒரு வேலை இருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. விரலில் மட்டும் இரண்டு வெட்டு, ஆறிவிட்டது. உன் சௌக்கியத்துக்கு எழுது.

இங்கே ஒரு கூத்து நடக்கிறது, கேள். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை, மில் சங்கு ஊதி ஊர் சோற்றுக்கு உட்கார்ந்தது. எழுந்து வந்து பார்த்தால் கீழைக்களத்தின் வெறுந்தரையில் வரிசையாகப் பதினோரு தாமரைக் குறி, சாணி ஈரத்தோடு. ஏழு இதழ். புதுப்பலகை எட்டு இதழ் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அடுத்த வெள்ளி மில் கதவில். அதற்கடுத்து மன்னார்குடி பஸ்ஸின் முதுகில். அது குறியோடு மன்னார்குடி வரைக்கும் போய்த் திரும்பியது. பிறகு இராஜாங்கம் வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரில். எல்லாமே நட்ட நடுப்பகலில். வைத்தவரைப் பார்த்தவர் இல்லை. இப்போது வெள்ளிக்கிழமை சங்கு ஊதினால் தெருவில் ஒரு கதவு திறந்திருக்காது. நாய்கூட வெளியே கிடப்பதில்லை.

டீக்கடை பக்கீர் முகம்மது பாய் ஒருவர்தான் என்னிடம் பேசினார். "ஒங்கப்பன் வந்துட்டுப் போறான்போல இருக்கு அம்சம். எனக்கு அவன் மேல ஒரு வருத்தமும் இல்ல. வந்து டீ கேட்டான்னா குடுத்துடுவேன்" என்றார். ஏழு மாதத்தில் ஊர்க்காரர் ஒருவர் அப்பாவைப் பற்றி நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

இராஜாங்கம் சுவரைத் திரும்பத் திரும்பக் கழுவியதை நான் களையெடுத்த வயலிலிருந்தே பார்த்தேன். உன் அப்பா மந்திரவாதியை வரவழைத்திருக்கிறார். எனக்கு இப்போதெல்லாம் நன்றாகத் தூக்கம் வருகிறது ஆனந்தம். தீபாவளிக்கு வருவாய் அல்லவா?

அம்சம்


சென்னை
28-10-1971

அம்சத்துக்கு,

தீபாவளிக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். காய்ச்சல் இல்லை, அவ்வளவுதான். நீ எப்படி இருக்கிறாய்? வாய்க்கால் பாலத்தில் உன்னைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய்.

இது நான் வளர்ந்த ஊர்தானா என்று இருந்தது. வெடிச் சத்தமே இல்லை. நான் வந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு வாசற்கதவிலும் குறி விழுந்தது. என் அம்மா அலறிக்கொண்டு துடைக்க ஓடி வந்தாள். நான் தடுத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மத்தியானம் அப்பா சாப்பிடவில்லை. எல்லோரும் படுத்த பிறகு கூடத்தில் சத்தம் கேட்டுப் போனேன். பெரிய பத்தாயத்தின் அடிக்கதவைத் திறந்து உள்ளே கையை விட்டு நெல்லுக்கடியில் எதையோ தடவிக்கொண்டிருந்தார். தட்டுப்பட்டதும் பெருமூச்சு விட்டார். பூட்டினார். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். என்னைப் பார்த்ததும், "எலி" என்றார். அவர் உள்ளங்கையில் உலர்ந்த சாணித்தூள் ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்க மாட்டாய். நானும் சொல்லவில்லை.

ஆனந்தம்


சாத்தங்கரை
6-11-1971

அன்புள்ள ஆனந்தத்துக்கு,

பாலத்தில் திருப்பிக்கொண்டது உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. பின்னால் இராஜாங்கம் வந்துகொண்டிருந்தார். நான் சௌக்கியம். அம்மாவுக்குத்தான் மழைக்கு மூச்சிரைக்கிறது. நீ உடம்பைப் போட்டு வருத்திக்கொள்ளாதே.

எனக்கு ஒரே ஓர் உதவி செய். கார்த்திகைக்கு வந்தால் அந்தப் பத்தாயத்து அடியில் என்ன இருக்கிறது என்று பார். எடுக்க வேண்டாம், தொடக்கூட வேண்டாம். பார்த்து, இருப்பதை அப்படியே எழுது. நீதான் இருப்பதை வரைகிறவள் ஆயிற்றே. நெல்லுக்கடியில் எலி என்னதான் வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.

பதிலை எதிர்பார்த்து,
அம்சம்


சாத்தங்கரை
4-1-1972

ஆனந்தத்துக்கு,

உன் உடம்பு எப்படியிருக்கிறது என்று இந்த முறை கேட்கவில்லை. இரண்டு மாதமாகத் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை வந்து போயிற்று. பாகிஸ்தானோடு சண்டை வந்தது, ரேடியோவில் ஜெயித்தோம் என்றார்கள். உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை. நீ ஊருக்கு வந்து போனாய் என்பது மட்டும் தெரியும். சரி, இனி ஒளித்துப் பேச ஒன்றும் இல்லை.

குறிகளை வைத்தது நான்தான். உன் படத்தைப் பார்த்துப் பூவரசங்கட்டையில் பலகை செதுக்கினேன். விரல் வெட்டு அதனால்தான். வயலில் எலி பிடிக்கக் கிட்டி வைப்போமே, அப்படித்தான் உனக்கு ஒவ்வொரு கடிதத்தையும் வைத்தேன். உன் இருமலைப் பற்றி விசாரித்தது, பெஞ்சைப் பற்றி எழுதியது எல்லாமே கிட்டிக்குள் போட்ட நெல். முதல் கடிதத்தில் மட்டும் கொஞ்சம் நிஜம் இருந்தது. உன் படம் வந்த நாளிலிருந்து அதுவும் இல்லை.

தை இருபதில் பலகையை என் அப்பா திருடிக்கொண்டு ஓடினார் என்றால், இருபத்திரண்டில் அந்த நெல்லில் உடைந்த இதழோடு குறி வைத்தது யார்? புதுப்பலகை மாசியில்தான் வந்தது. நம் ஊரில் குறி வைக்காத நெல்லைக் களத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக எவனுக்கும் கால் வராது. கொன்ற கைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. செத்தவர் பலகையை எடுத்து ஒழுங்காகச் சாணியில் தோய்த்து அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்! நீ பக்கத்தில் உட்கார்ந்து எண்ணி எண்ணி வரைந்திருக்கிறாய்.

ஏன் கொன்றார்கள் என்றும் தெரிந்துவிட்டது. விவசாயிகள் சங்கத்து நல்லக்கண்ணு அண்ணன் என்னைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனார். பதினைந்து ஏக்கருக்குமேல் நிலம் கூடாது என்ற சட்டம் வந்ததும் உன் அப்பா நிலத்தைப் பினாமி பெயர்களில் பிரித்து எழுதினாரே, அதில் களத்தை ஒட்டிய மூன்று ஏக்கர் வைரக்கண்ணு பேரில் இருக்கிறது. கைரேகை வைத்தவருக்கே அது தெரியாது! எப்படியோ தெரிந்ததும் தை பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் உன் அப்பாவைப் பார்க்கப் போனார். "எம்பேர்ல இருக்கறத நானே உழுதுக்கறேன்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பயத்தில் இதை அம்மா ஒரு வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

மனுக் கொடுத்தோம். தை எட்டாம் தேதி சப்-கலெக்டர் வருகிறார். இராஜாங்கம் சூடம் கொளுத்தும் அந்தக் கிணற்றைத் தோண்டப்போகிறார்கள். கிணற்றைக் காட்டிக்கொடுத்ததும் நீதான், உன் கடிதம்தான். உன் அப்பா கையில் விலங்கோடு கடைத்தெருவில் நடக்க வேண்டும். புகாரைப் படித்த இடத்தில் நின்று நான் அதைப் பார்க்க வேண்டும். நீ அழுதால் அதையும் பார்ப்பேன்.

வைரக்கண்ணு மகள்,
அம்சவல்லி


சென்னை
12-1-1972

அம்சத்துக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மாவின் மூச்சிரைப்பு குறைந்திருக்க வேண்டும்.

எனக்குத் தீபாவளியன்றே தெரியும். நீ படத்தில் பார்த்ததை அப்படியே கட்டையில் செதுக்கிவிட்டாய். அழுத்தும்போது இடம் வலமாகும் என்பதை யோசிக்கவில்லை. உன் அப்பா பலகையின் குறியில் வலதுபக்க இதழ் இருக்காது. எங்கள் கதவில் இடதுபக்க இதழ் இல்லை. அந்த ஊரில் என் படம் உன்னிடம் மட்டும்தான் இருந்தது. கதவின் முன்னால் நின்றது அதற்காகத்தான். அப்பாவுக்கோ இராஜாங்கத்துக்கோ அது கண்ணில் படவில்லை. பயந்தவர்கள் இதழைத்தான் எண்ணினார்கள், எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

நீ என்னைக் கிட்டியில் மாட்டினாய் என்று எழுதியிருக்கிறாய். பத்தாயத்தைப் பற்றி உனக்கு எழுதியபோது அது கிட்டி என்று தெரிந்துதான் கையை விட்டேன்.

கார்த்திகையன்று அப்பா குளிக்கப் போனபோது அரைஞாணைக் கழற்றி வைத்திருந்தார். திறந்தேன். பலகை இருந்தது. உன் அப்பா தலையில் கட்டும் சிவப்புக்கரைத் துண்டில் சுற்றியிருந்தது. ஹாஸ்டல் டிரங்குப் பெட்டியில் என் பாவாடைகளுக்கு அடியில் ஒன்றரை மாதமாக அது இருக்கிறது. உனக்கு எழுத உட்காருவேன், 'அன்புள்ள' என்று எழுதுவேன், அதற்குமேல் ஓடாது. எரித்துவிடலாம் என்றுகூட ஒருநாள் சமையல்கட்டு வரை கொண்டுபோனேன். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

தை எட்டாம் தேதி வருகிறேன். பலகையை உன்னிடம் தர மாட்டேன். என் கையாலேயே அதிகாரியிடம் கொடுப்பேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே. நிறைய இருக்கிறது. நேரே கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

ஆனந்தம்


சாத்தங்கரை
3-4-1972

அன்புள்ள ஆனந்தத்துக்கு,

'அன்புள்ள' என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். நீ எங்கே, எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. இதை ஹாஸ்டல் விலாசத்துக்கே போடுகிறேன். உன் அம்மா அபயாம்பாள் தஞ்சாவூரில் தங்கை வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

நீ பலகையைக் கொடுத்துவிட்டு யாரையும் பார்க்காமல் பஸ் ஏறிப் போனாய். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் பதினெட்டு அடியில் அப்பாவை எடுத்தார்கள். காதில் கடுக்கன் அப்படியே இருந்தது. அம்மா கீழே விழவில்லை. "கழுவிட்டுக் குடுங்க" என்றாள். உன் அப்பாவையும் இராஜாங்கத்தையும் கடைத்தெரு வழியாகத்தான் கூட்டிப்போனார்கள். புகாரைப் படித்த அதே இடத்தில் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. உங்கள் வாசலில் இப்போது பால்காரி நாகம்மாள்கூட நிற்பதில்லை. எங்களுக்குச் செய்ததையே ஊர் உங்களுக்கும் செய்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று போனேன். சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. வைரக்கண்ணு நெல்லையும் பலகையையும் திருடிக் குடிபோதையில் கிணற்றில் விழுந்து செத்தார் என்று உன் அப்பாவின் வக்கீல் சொல்கிறார். பலகை பத்தாயத்துக்குள் எப்படி வந்தது என்றால், அது பழைய பலகையே இல்லையாம். நான் செதுக்கிய இன்னொன்றாம். ஊரை ஏமாற்ற ஒரு பலகை செய்தவள் இரண்டாவது செய்ய மாட்டாளா என்று கேட்கிறார். என் பலகையைப் போலீஸ்காரர்கள் குடிசையில் எடுத்துவிட்டார்கள். படத்தில் இருக்கும் தேதியும் பின்னால் எழுதியது என்கிறார். பழி வாங்க நான் வைத்த குறியே என் அப்பாவை மறுபடி களவாணி ஆக்கப்போகிறது. நல்லக்கண்ணு அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல் இருந்தது.

தை இருபத்திரண்டில் அந்தக் குறியைப் பார்த்தேன், பலகையைப் பூட்டிய பத்தாயத்திலிருந்து எடுத்தேன், அதுவும் நான் செதுக்கியதும் இடம் வலம் மாறியவை என்று சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். ஏப்ரல் இருபதாம் தேதி விசாரணை. சம்மன் வரும். சம்மன் வந்தாலும் 'நினைவில்லை' என்று சொல்லிவிட்டுப் போகலாம், பெற்றவருக்காக எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிறார்கள்.

நேரே கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எழுதினாய். நேரே கேட்கிறேன். வந்து சொல்வாயா?

இதில் கிட்டி எதுவும் இல்லை. நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அம்சம்


சென்னை
12-4-1972

அம்சத்துக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவும் நானும் வேளைக்குச் சாப்பிடுகிறோம். நீயும் சாப்பிடு, பாலத்தில் பார்த்தபோதே இளைத்திருந்தாய்.

போன வாரம் அப்பாவை ஜெயிலில் போய்ப் பார்த்தேன். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "படிப்பு எப்படிப் போவுது?" என்றார். நன்றாகப் போகிறது என்றேன். "வெயில்ல அலையாத" என்றார். அவ்வளவுதான் பேசினோம். வெளியே வந்ததும் அவர் வக்கீல், நினைவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய்கூட இல்லை, யாருக்குத்தான் எல்லாம் நினைவிருக்கிறது என்றார். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. சாணி ஈரம்கூட.

இருபதாம் தேதி காலைப் பஸ்ஸில் வருகிறேன். நீ எதிர்கொண்டு வர வேண்டாம். உனக்காக வரவில்லை. உன் அப்பா என்னைக் களத்தில் பார்த்தால் குவியலுக்கு அருகே இடம் ஒதுக்கி, கோணியை விரித்து, "உக்காந்து வரைங்க பாப்பா" என்பார். அவருக்காக வருகிறேன்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் முதலில் பெயரைக் கேட்பார்களாம். அடுத்து தகப்பனார் பெயர். அதைச் சொல்லும்போது மட்டும் நீ என்னைப் பார்க்காதே.

நாகேஸ்வரன் மகள்,
ஆனந்தம்